கார்டு வேனில் வந்த வாசல்

எண்பதுகளின் பின்பாதியில் நான் விழுப்புரத்தில் குடியிருந்துகொண்டு, திண்டிவனத்தில் ஒரு டுடோரியல் கல்லூரியில் ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்தேன். பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்தில் தோற்றுப்போனவர்களை, அடுத்த முறை இன்னும் கொஞ்சம் நம்பிக்கையோடு தோற்பதற்குத் தயார்செய்வது என் தொழில். காலைப் பாசஞ்சரில் போவேன், மாலைப் பாசஞ்சரில் வருவேன். நடுவில் நடந்தது பிழைப்பு. வாழ்க்கை என்று சொல்லத் தக்கது வண்டியில்தான் நடந்தது, ஏனென்றால் சீட்டாட்டம் அங்கேதான் இருந்தது.

நாங்கள் மூன்று பேர். ஒருவர் திண்டிவனத்தில் ஒரு வங்கியின் கேஷியர். ரூபாய் நோட்டைப் போலவே மனிதர்களையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார். இன்னொருவர் அதே ஊரில் ஒரு மிஷன் பள்ளியின் டிராயிங் மாஸ்டர். கத்தோலிக்கர், அதிகம் பேசாதவர், ஞாயிற்றுக்கிழமைப் பூசை தவறாதவர். சீட்டில் மட்டும் அவரைப் போல ஏமாற்றுகிறவரை நான் பார்த்ததில்லை. மூன்றாவது ஆள் நான், தோற்பதற்காக. எதிரெதிர் இருக்கைகளில் முழங்காலுக்கு முழங்கால் ஒரு துண்டை இழுத்து விரித்து அதன்மேல் ஆடுவோம். துண்டு விரித்த இடத்தில் வேறு யாரும் வந்து உட்காருவதில்லை என்பது அந்த மார்க்கத்தில் எழுதாத சட்டம்.

அந்தச் சட்டத்தை ஒருநாள் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி மீறினார். விழுப்புரத்தில் வண்டி நகரப் போகிற சமயத்தில், கோணிப்பை நிறைய மரக்கன்றுகளோடு ஏறினார். கைத்தறிப் புடவை, ரப்பர் செருப்பு. வெயில் அவரை ஏறக்குறைய எங்கள் நிறத்துக்குக் கொண்டுவந்திருந்தது. நான் எழுந்து, கைவசம் இருந்த இலக்கணத்தை எல்லாம் திரட்டி, அவருக்கு ஏதாவது உதவி தேவைப்படக்கூடுமா என்று ஆங்கிலத்தில் விசாரித்தேன்.

"கொஞ்சம் நவுந்து குந்துங்க சார்," என்றார் அவர். "கன்னுங்கல்லாம் நசுங்கிக்கினு இருக்கு."

கேஷியர் துண்டை மடித்துவிட்டார். மாஸ்டர் ஏமாற்றுவதற்காகத் தொடைக்கு அடியில் வைத்திருந்த ராணி கீழே விழுந்தது. அதை யாரும் பார்க்காததுபோல் இருந்தோம்.

அந்த அம்மாள் பல வருஷமாக மரக்காணம் ரோட்டில் ஒரு செம்மண் பொட்டலில் மரம் வளர்த்துக்கொண்டிருந்தார். விழுப்புரத்தில் கன்று வாங்கி, திண்டிவனத்தில் இறங்கி, அங்கிருந்து பஸ். என் ஆங்கிலம் புத்தகத்திலிருந்து வந்தது. அவர் தமிழ் கிணறு வெட்டுகிறவர்களிடமிருந்தும் ஆடு மேய்க்கிறவர்களிடமிருந்தும் வந்தது. இரண்டில் எதற்கு உயிர் இருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தடுத்த வாரங்களிலும் வந்தார். பழக்கமாகிவிட்டது. ஒருநாள் கேஷியர், "ஏம்மா, ஒங்க ஊர்ல மரம் இல்லாமலா இங்க வந்து நட்டுக்கினு இருக்கீங்க?" என்று கேட்டு வைத்தார். அதற்குப் பதிலாகத்தான் அந்தத் தீவின் கதை வந்தது.

"கடலுக்கு அந்தாண்ட ஒரு தீவுங்க. அங்க காட்டு ஜனங்க. கம்பெனிக்காரன் மரம் வெட்ட வந்தான். பர்மிட்டு ஆத்துக்கு இந்தாண்டதான். அவன் அந்தாண்ட பூந்து வெட்டிக்கினு இருக்கான். இவங்க இன்னா பண்ணாங்க? லாரி போற ரோட்ல ரெண்டு கம்பு நட்டு, மேல குறுக்க ஒரு கட்டையைக் கட்டி, அதுக்கு முன்னாடி குந்திக்கினாங்க. புல்டோசர் வந்து நிக்குது. எந்திரிக்கல."

"போலீசு வரலியா?" என்றார் கேஷியர்.

"வந்துச்சே. குந்திக்கினு இருந்தவங்கள புடிச்சிக்கினு போச்சி."

"அப்ப நம்ம ஊரு மாதிரிதான்னு சொல்லுங்க."

அந்த ஒரு வார்த்தையில் தீவு முண்டியம்பாக்கத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. கேஷியர் தன் கையில் நல்ல சீட்டு இருந்தும் கவிழ்த்து வைத்தார். அவருடைய மனிதாபிமானத்துக்கு இதைவிடப் பெரிய சாட்சியம் எனக்குத் தெரியாது.

நாங்கள் செய்யக்கூடியது என்ன என்று கேட்டோம். ரொம்பச் சின்ன வேலைதான் என்றார். அவர் பிறந்த ஊரிலும் இன்னும் எந்தெந்தத் தேசத்திலேயோ ஜனங்கள் கூடி நின்று போட்டோ எடுத்து அந்தத் தீவுக்கு அனுப்புகிறார்களாம். காட்டுக்காரர்கள் அதைத் தங்கள் குடிசையில் மாட்டி வைக்கிறார்களாம். "நாம மட்டும் இல்ல, நமக்கும் ஆளு இருக்குன்னு ஒரு தெம்பு. நீங்களும் ஒண்ணு அனுப்புங்க."

விக்கிரவாண்டிக்கும் பேரணிக்கும் நடுவில் 'அகில உலக வன மக்கள் தோழமைக் குழு, விழுப்புரம் திண்டிவனம் மார்க்கம்' உதயமாயிற்று. தலைவர் கேஷியர். பொருளாளர் டிராயிங் மாஸ்டர். பணத்தோடு தொடர்பில்லாதவர்தான் அந்தப் பதவிக்கு நல்லது என்று கேஷியரே முன்மொழிந்தார். செயலாளர் நான். மூன்று பேருக்கு மூன்று பதவி. தொண்டர் பதவிதான் காலியாக இருந்தது.

போட்டோ எடுக்க அரை மணி நேரம் போதும். ஆனால் நாங்கள் தமிழ்நாட்டில் பொதுக்கூட்டங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள். பேனர் இல்லாமல் எப்படி? பேனரில் வாசகம் இல்லாமல் எப்படி? வாசகத்தை ஆங்கிலத்தில் நான் எழுதினேன். மூன்று அரைப்புள்ளிகள் கொண்ட, இலக்கண சுத்தமான ஒரே வாக்கியம். மாஸ்டர் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, "சார், இதுக்கு ரயிலுக்குப் போர்த்தற மாதிரி துணி வேணும்," என்றார். அந்தப் பிரச்சினையில் சில வாரங்கள் ஓடின.

அம்மாள் ஏறும்போதெல்லாம் கேட்பார். "போட்டோ எங்க சார்?"

"தீர்மானம் நிறைவேத்தியாச்சும்மா. ஏகமனதா."

"தீர்மானத்த எப்பிடி சார் செவுத்துல மாட்டறது?"

*

இதற்கிடையில் நான் வீடு கட்டிக்கொண்டிருந்தேன். கட்டிக்கொண்டிருந்தது என் மனைவி என்று சொல்வதே உண்மை. மேஸ்திரியிடம் பேசுவது, செங்கல்லைத் தட்டிப் பார்ப்பது, சிமெண்டில் மண் எவ்வளவு என்று சண்டை போடுவது எல்லாம் அவள். நான் கடன் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டதோடு சரி.

கல்யாணமானதிலிருந்து வாடகை வீடு வாடகை வீடாக மாறிக்கொண்டிருந்தோம். இப்போது இருந்த வீட்டின் சொந்தக்காரர் தன் மகனுக்குக் கல்யாணம் நிச்சயித்துவிட்டார். பொங்கலுக்கு முன் காலி செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார். கடைக்கால் போட்டு, தரைமட்டத்துக்கு மேலே மேடை எழும்பி நின்றது. அடுத்து தலைவாசலுக்கு நிலை வைக்க வேண்டும். சுவர் எழுவதற்கு முன்னால், வெறும் மேடையின்மேல் வாசல் சட்டத்தை மட்டும் தனியாக நிறுத்தி, மஞ்சள் குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, தேங்காய் உடைத்தால்தான் வேலை மேலே நகரும். அதற்கு ஆனி மாதக் கடைசி முகூர்த்தம் ஒன்றுதான் பாக்கி. அதைத் தவறவிட்டால் ஆடி. ஆடியில் யாரும் நிலை வைப்பதில்லை. மேஸ்திரி அதற்குள் கண்டமங்கலத்தில் வேறு வேலைக்குப் போய்விடுவேன் என்று மரியாதையாக மிரட்டியிருந்தார். ஆக, ஆனியில் நிலை நின்றால் பொங்கலுக்குச் சொந்த வீடு. இல்லாவிட்டால் சாமான்களோடு இன்னொரு வாடகை வீடு. என் மனைவி காலண்டரை ஒரு நாளைக்குப் பத்து முறை பார்த்தாள்.

நிலைக்கான மரத்தை மரவாடியில் அவளே போய்த் தேர்ந்தெடுத்தாள். கப்பலில் வந்த மரம், கனமான செம்பழுப்புக் கட்டை. மச்சானும் கூடப் போனான். அவளுடைய தம்பி, பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தான். எந்நேரமும் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பான், சினிமாக் கொட்டகைக்குள்ளும். "அக்கா, இரும்பு மாதிரி இருக்குக்கா. இதுல நிலை வச்சா யானை முட்டினாலும் அசையாது," என்றான். விழுப்புரத்தில் எங்கள் தெருவில் யானை முட்டும் அபாயம் குறைவு என்றாலும் அவளுக்குத் திருப்தி. கட்டையின் தலைப்பில் ஒரு ஓரமாக மஞ்சள் தடவி, குங்குமம் வைத்துவிட்டு வந்தாள். ஆசாரி மறுவாரம் அறுப்பதாக ஏற்பாடு.

அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் அம்மாள் படம் காட்டும் மெஷினைக் கோணிப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். தீவின் படங்களைப் பார்த்தாலாவது எங்களுக்கு ரோஷம் வந்து போட்டோ எடுப்போம் என்று நினைத்திருக்கலாம். ஜன்னலை அடைத்து, என் வேட்டியைச் சுவரில் கட்டினோம். கேஷியர், மாஸ்டர், மச்சான் எல்லாரும் இருந்தார்கள். மச்சான் கண்ணாடியைக் கழற்றவில்லை. படம் இருட்டாக இருக்கிறது என்று புகார் சொன்னான்.

முதலில் காடு. பிறகு ரோடு. பிறகு அந்தத் தடுப்பு: நட்ட இரண்டு கம்பு, மேலே குறுக்காகக் கட்டிய கட்டை. அதன் முன்னால் மண்ணில் ஒரு பெண் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காமிராவைப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள், வர வேண்டியது வந்துகொண்டிருப்பதுபோல.

"இவ ஊட்டுக்காரன் ஜெயில்ல இருந்தான் அப்ப," என்றார் அம்மாள்.

அடுத்த படம் கடற்கரை. வெட்டிய மரங்கள் மலைபோல் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றின் தலைப்பிலும் சிவப்புப் பெயிண்டில் ஒரு வட்டம், அதற்குள் இரண்டு கோடு.

"நிறுத்துங்க," என்றாள் என் மனைவி. "அத்த கொஞ்சம் கிட்ட காட்டுங்க."

மெஷினைக் கிட்டே தள்ளினால் படம் சின்னதாகும் என்று நான் விளக்கத் தொடங்கினேன். யாரும் கேட்கவில்லை. அவள் எழுந்து வேட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். சிவப்பு வட்டம் அவள் கன்னத்தில் விழுந்தது.

"இதே குறிதாங்க. நம்ம நிலைக் கட்டைல இருக்கு. இதுக்குப் பக்கத்துலதான் நான் மஞ்சள் தடவிட்டு வந்தேன்."

அம்மாள் படத்தையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு நியாயமாகத்தான் சொன்னார். "அதே கம்பெனி குறிதாங்க. அந்தக் கட்டை ஆத்துக்கு எந்தாண்ட வெட்டினதுன்னு யாரும் சொல்ல முடியாது. இந்தாண்ட மரம் தீந்துபோய் ரொம்ப நாளாச்சி. அவ்ளோதான் எனக்குத் தெரியும்."

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். கேஷியர், சர்வதேசப் பிரச்சினைகளுக்கு இப்படி வீட்டுக்குள் வந்து உட்காரும் குணம் உண்டு என்ற மாதிரி என்னைப் பார்த்தார்.

*

விருந்தாளிகள் போனபின் நடந்த விவாதத்தில் தோழமைக் குழுவின் செயலாளர் பேசிய பேச்சைக் குழுவின் ஆவணங்களில் சேர்க்க முடியாது.

"மரம் வெட்டியாச்சு. கப்பல்ல வந்தாச்சு. நாம வாங்கலைன்னா அது திரும்பிப் போய்க் காட்டுல நின்னுக்குமா?" என்றேன்.

"கரெக்டு மாமா," என்றான் மச்சான்.

கல்யாணமான நாளிலிருந்து அவன் என்னை ஆதரித்தது அதுதான் முதல் தடவை. நான் தப்பான கட்சியில் இருக்கிறேனோ என்று அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

மனைவி காலண்டருக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். "எனக்கும் ஊடு வேணும். யாரவிடவும் எனக்குத்தான் வேணும். ஆனா தெனம் காலைல வாசத்தெளிச்சிக் கோலம் போடக் குனியறப்ப அந்தப் பொம்பள மூஞ்சி தெரியும். அவ ரோட்ல குந்திக்கினு இருக்கா. நான் அவ காட்டுக் கட்டைக்குள்ள பூந்து பூந்து வரணுமா?"

"அக்கா, அவ இன்னா ஒனக்கு நாத்தனாரா?"

"நாத்தனாரா இருந்தா வாங்கிட்டு வந்திருப்பேன்டா."

எனக்கு ஒரே ஒரு தங்கை. அவள் அங்கே இல்லாததால் தோழமைக் குழு பிளவுபடாமல் தப்பித்தது.

மறுநாள் கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டு மரவாடிக்குப் போனேன். விஷயத்தை நான் சொல்லச் சொல்ல மரவாடிக்காரர் முகத்தில் ஒரு மரியாதை படர்ந்தது. பைத்தியங்களுக்குக் காட்டுகிற மரியாதை.

"சார், இருவது வருசமா மரம் விக்கிறேன். கட்டைக்கு ஜாதகம் கேட்டு வந்த மொத ஆளு நீங்கதான்."

"வேற மரம் ஏதாவது..."

"பர்மா தேக்கு இருக்கு. அத யாரு ஊட்டுத் தோட்டத்துல வெட்டினான்னு என்னக் கேக்காதீங்க. வேங்கை இருக்கு. மலையிலருந்து வந்துச்சி. எப்பிடி வந்துச்சின்னு அதயும் கேக்காதீங்க."

"கேக்கலாம்னா எத வாங்கறது?"

அவர் யோசித்தார். "வேப்ப மரம் இருக்கு. கள்ளங்கபடம் இல்லாதது. ஆனா பச்சை. இப்ப நிலை வச்சீங்கன்னா காயறப்ப முறுக்கிக்கும். கதவு சாத்தாது. ஒங்களுக்குத் தொறந்தே கெடந்தாலும் பரவால்லன்னா சொல்லுங்க."

கட்டையைத் திருப்பி எடுத்துக்கொண்டார், அது அவருடைய நல்ல மனசு. மஞ்சளைத் துடைக்க வேண்டாம், அடுத்த பார்ட்டிக்கு ராசியாக இருக்கும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். மரம் இல்லை, ஆனி முடிய ஒரு வாரம்தான் இருந்தது. என் மனைவி மறுநாள் சாமான் கட்டும் சாக்குகளை எண்ணி மடித்து வைத்தாள். அதற்கு என்னைத் திட்டியிருக்கலாம்.

*

வண்டியில் அன்றைக்கு யாரும் துண்டு விரிக்கவில்லை. மயிலம் தாண்டியதும் மாஸ்டர், ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார்: "திண்டிவனத்துல எங்க பூர்வீகப் பங்குல பழைய மாதா கோயில இடிச்சிட்டுப் புதுசு கட்டறாங்க. பொம்பளைங்க பக்கத்து வாசல் நிலை ஒண்ணு கெடக்கு. எங்க தாத்தா காலத்துது. தேக்கு."

"பழைய நிலையா?" என்றார் கேஷியர். "நம்மாளுங்க வைப்பாங்களா?"

அதுதான் கேள்வி. இடித்த வீட்டு நிலையைப் புது வீட்டுக்கு வைக்கக் கூடாது, அந்த வீட்டில் நடந்ததெல்லாம் அதோடு ஒட்டிக்கொண்டு வரும் என்று எங்கள் பக்கத்தில் உறுதியாக நம்புவார்கள். அன்று மாலை மாஸ்டரையும் கூட்டிக்கொண்டு போய் வீட்டில் சொன்னதும் மச்சான் எழுந்தே நின்றுவிட்டான்.

"வாணாங்க்கா! அந்த ஊட்ல எவன் செத்தானோ, எவன் கடன்பட்டானோ."

"மாஸ்டர் சார்," என்று மனைவி கேட்டாள், "அந்த எடத்துல யாரு குடியிருந்தாங்க?"

"சாமிதாங்க."

"ஊட்டக் காலி பண்ணிட்டாரா?"

"இல்லீங்க, புதுசாக் கட்டி அங்கயே இருக்காரு."

"நல்லா இருக்கறவரு நிலைதானடா," என்றாள் தம்பியிடம். "பழைய ஊட்ட இடிச்சிப் புது ஊடு கட்டிக்கினு போனவரு. நமக்கு அந்த ராசி ஒட்டிக்கிட்டா நல்லதுதான்."

மச்சான் கையைக் கட்டிக்கொண்டான். அடுத்த ஒரு வாரத்துக்கு அவன் கையை அவிழ்க்கவில்லை.

பங்குச் சாமியார் நிலையைச் சும்மாவே கொடுத்தார். பதிலுக்கு, புதுக் கோயில் திறப்பு மலருக்கு ஆங்கிலத்தில் ஒரு வாழ்த்துரை எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். நன்றாக இருக்கிறது, ஆனால் அரைப்புள்ளி வருகிற அளவுக்குக் கடவுள் வரவில்லையே என்று வருத்தப்பட்டார்.

நிலையைத் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குக் கொண்டுவர வேண்டும். மச்சானிடம் ஜீப் இருந்தது; அது அரசாங்க ஜீப், அவனுக்குக் கொள்கை விரோதம் வேறு. கேஷியர்தான் சொன்னார்: "நமக்கு சீசன் டிக்கெட் இருக்கு. வாசலுக்குத் தனியா டிக்கெட்டா கேக்கப் போறான்?"

கோயில் கட்டும் ஆட்கள் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள். மாலைப் பாசஞ்சர் வந்தது. எங்கள் பெட்டியின் வாசலில் எங்கள் வாசலை நுழைக்க முயன்றோம். நேராக நுழையவில்லை. படுக்கப்போட்டு நுழையவில்லை. கோணலாக நுழைந்து பாதியில் நின்றது. உள்ளே இருந்தவர்கள் வெளியே தள்ள, வெளியே இருந்தவர்கள் உள்ளே தள்ள, கேஷியர் சட்டத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டார். "யோவ், ஜல்தியா எதாச்சும் ஒரு பக்கம் தள்ளுங்கய்யா! உள்ளயோ வெளியோ!" என்று கத்தினார். மூட்டைக் கழற்றலாம் என்று யாரோ சொல்ல, மாஸ்டர் முதல் முறையாகக் குரல் உயர்த்தினார்: "பழைய மூட்டு. யாரும் தட்டக் கூடாது."

கடைசிப் பெட்டியிலிருந்து கார்டு பச்சைக்கொடியைக் கையில் வைத்துக்கொண்டே வந்தார். "இன்னா சார் இது, வண்டிய நிறுத்தி வச்சிக்கினு?"

"வாசல் சார்," என்றேன்.

"கதவு எங்க?"

"அப்புறம் வரும்."

அவர் மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டரிடம் அவருடைய பெண் படித்தாள் போலிருக்கிறது. பெருமூச்சு விட்டார். "என் வேன்ல ஏத்துங்க. வேற யாருகிட்டயும் சொல்லாதீங்க. நாளைக்கு எவனாச்சும் ஊட்டயே கொண்டாருவான்."

கார்டு வேனின் கதவு அகலம். நிலை நிமிர்ந்தே உள்ளே போய், அந்தக் கதவுக்குச் சரியாகப் பின்னால் நின்றுகொண்டது. ஆகவே மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கார்டு எங்கள் தலைவாசலில் நின்றுதான் கொடி காட்டினார். மேல் சட்டத்தில் திராட்சைக் கொடிக்கு நடுவே ஒரு சின்னச் சிலுவை செதுக்கியிருந்தது. பேரணியில் கூடையோடு நின்ற ஒரு மூதாட்டி அதைப் பார்த்துவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். கார்டு தனக்குத்தான் என்று நினைத்து அவளுக்குப் பதில் வணக்கம் வைத்தார்.

*

முகூர்த்தம் காலையில். வெறும் மேடை, சுற்றிலும் கருவேல முள், அதன் நடுவே தனியாக ஒரு வாசல். எங்கிருந்தும் எங்கேயும் போகாத வாசல். ஆசாரி இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து நிறுத்தினார். சிலுவையைக் காட்டி, "இத எழைச்சிடட்டுங்களாம்மா?" என்று கேட்டார்.

"எதுக்கு? பழைய ஊட்டுக்காரரு, அவரும் நிக்கட்டும்," என்று மனைவி அதற்கும் சேர்த்து மஞ்சள் குங்குமம் வைத்தாள். குறுக்குச் சட்டத்தில் மாவிலை கட்டினோம். தேங்காய் சரிபாதியாக உடைந்தது. மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு என்னவோ முணுமுணுத்தார். அம்மாள் மரக்காணத்திலிருந்து ஒரு வேப்பங்கன்றோடு வந்திருந்தார்.

குடும்பப் படம் எடுக்க ஸ்டுடியோக்காரர் வந்திருந்தார். அவர் மூட்டை கட்டும்போது கேஷியர் கையைத் தூக்கினார். "சார், குழு மொத்தமும் இங்க இருக்கோம். அந்தத் தீவுக்கு அனுப்பற படத்தையும் இப்பவே எடுத்துடலாம். இல்லேன்னா செயலாளர் இன்னொரு அரைப்புள்ளி வச்சிடுவாரு."

மாஸ்டர் பைக்குள்ளிருந்து ஒரு துணியை எடுத்தார். என் வாக்கியம் அதில் இல்லை. தமிழில் 'உங்களோடு நிற்கிறோம்' என்று மட்டும் சிவப்பில் எழுதியிருந்தார். யாரையும் கேட்காமல் எழுதிவிட்டார். பொருளாளர்கள் எப்போதும் இப்படித்தான். நானும் மாஸ்டரும் வாசலுக்குள் நின்று துணியைப் பிடித்தோம். கேஷியர் நடுவில். விடியற்காலையிலிருந்து நின்று கால் கடுத்துப்போன என் மனைவி, வாசலுக்கு முன்னால் மேடையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மச்சானைக் கூப்பிட்டோம். வரமாட்டேன் என்று ஓரமாக, கறுப்புக் கண்ணாடியோடு, கையைக் கட்டிக்கொண்டு முறைத்தபடி நின்றான். ஸ்டுடியோக்காரர் அவனை வெட்டாமல் எடுத்துவிட்டார்.

படத்தை அம்மாள் வாங்கிக்கொண்டு போய் அனுப்பிவிட்டார். ஆடி பிறந்தது. மேஸ்திரி கண்டமங்கலம் போகவில்லை. சுவர் எழுந்தது.

ஐப்பசி மழையில், கூரை போட்டு முடிந்த வீட்டுக்குள் ஈரச் சிமெண்டு வாசனையில் நாங்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது அம்மாள் குடையோடு வந்தார். நிலைக்குக் கீழே நின்று குடையை உதறிவிட்டு, பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தார்.

அதே ரோடு, அதே மாதிரி இரண்டு கம்பு, குறுக்குக் கட்டை. ஆனால் கட்டை நெடுக இலைகள் வரிசையாகத் தொங்கின. மாவிலை இல்லை, ஏதோ காட்டு இலை. கட்டின விதம் எங்கள் விதம்.

"பழசப் போலீசு வந்து பிரிச்சிப் போட்டுச்சி," என்றார் அம்மாள். "இவங்க திரும்பவும் கட்டினாங்க. ஒங்க போட்டோவப் பாத்து இல கட்டியிருக்காங்க. ஒங்க ஊர்ல தடுப்புக்கு இப்பிடித்தான் கட்டுவாங்கன்னு நெனச்சிக்கினாங்க."

எங்களுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. பொட்டலில் தனியாக நின்ற சட்டம், இலை, பேனர், முன்னால் தரையில் உட்கார்ந்த பெண். என் மனைவிக்குத்தான் முதலில் புரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நாம எதோ கம்பெனிய மறிச்சிக்கினு இருக்கோம்னு..."

"ஆமாங்க. நான் ஒண்ணும் சொல்லல. போட்டோதான் அனுப்பினேன்," என்றார் அம்மாள். "ரெண்டு கேள்வி கேட்டிருக்காங்க. ஒங்களுது இன்னும் நிக்கிதான்னு ஒண்ணு. அப்புறம், ஓரமா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கினு, கையக் கட்டிக்கினு ஒருத்தன் மொறைக்கிறானே, அவன் கம்பெனி ஆளான்னு. இன்னும் வந்து தொந்தரவு பண்றானான்னு ரொம்பக் கவலப்பட்டிருக்காங்க."

எல்லாரும் மச்சானைப் பார்த்தோம். அவன் மல்லாட்டை உரித்துத் தின்றுகொண்டிருந்தான். உரித்த கடலை விரலிலேயே நின்றது.

"யாரு? நானா? கம்பெனி ஆளு நானா?" என்றான். "ஆசாரிக்கு டீ வாங்கியாந்தது யாரு? மாவிலைக்கு மரம் ஏறினது யாரு? அக்கா, சொல்லுக்கா!"

கேஷியர் சிரித்துச் சிரித்துப் புரையேறிக் கிடந்தார். மாஸ்டரே சத்தமாகச் சிரித்தார். மச்சானுக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை என்று அவன் பெண்டாட்டி பிறகு சொன்னாள். முகம் தெரியாத காட்டில் நாலு பேர் தன்னைக் கெட்டவன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற எண்ணமே அவனுக்குப் பேஜாராகிவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனே ஸ்டுடியோக்காரரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தான். புதுச் சட்டை. கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்தான். பைக்கு வெளியே காம்பு தெரிகிறது என்று அதையும் எடுத்து என்னிடம் கொடுத்தான். வாசலுக்கு நடுவில் போய் நின்று, கட்டியிருந்த கையை அவிழ்த்து, இரண்டு பக்கச் சட்டத்தையும் தொடும்படி விரித்து, பல் எல்லாம் தெரியச் சிரித்தான். புல்டோசர் வந்தாலும் நகரமாட்டான் போல இருந்தது. அவன் காலடியில் படிக்கட்டில் என் மனைவி உட்கார்ந்துகொண்டாள், இந்த முறை கால் வலிக்காமலேயே.

படத்தின் பின்பக்கம் என்ன எழுதுவது என்று குழு கூடி விவாதித்தது. நான் ஒரு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். மனைவி என் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டாள். அம்மாள் மொழிபெயர்த்துக்கொள்வார் என்று தமிழிலேயே எழுதினாள்:

'இன்னும் நிக்கிது. இவன் என் தம்பி.'